கிரனைட்டா? மாபிளா? விற்பவரும் வாங்குபவரும் அறிந்திருக்க வேண்டியவை

எமது வீடுகளின் குசினியில் ஒரு காலத்தில் சீமெந்து பூசிய திட்டு ஒன்றே இருந்தது. பின்னர் அதன் மேல் டைல்ஸ் வந்தது. இன்று நடுத்தர வசதியுள்ளவரும் வீடு கட்டும்போது பென்ட்ரிக்குக் கல் போட விரும்புகிறார். ஹோட்டல், பேக்கரி, ஜூஸ் கடை, புடவைக் கடை என்று எமது சகோதரர்களின் வியாபாரத் தலங்களிலும் முன் கவுண்டருக்குக் கல் பதிப்பது வழக்கமாகிவிட்டது. கொழும்பு பழைய சோனகத் தெருவில் இருந்து ஊர்ப்புற ஹாட்வெயார் கடைகள் வரை, கட்டடப் பொருள் வியாபாரத்தில் எமது சமூகத்தவர்கள் பெருமளவில் ஈடுபட்டிருப்பதால், இக்கல்லை விற்பவர்களும் அதைப் பதிப்பிக்கும் கடைக்காரர்களும் பல இடங்களில் எம்மவர்களே.

கல்லின் விலையோ முன்னர் போல் இல்லை. 2022 மார்ச் மாதத் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர், அவ்வருடம் மே மாதத்தில் 360 ரூபாவைத் தாண்டியது. அதன்பின் சற்று இறங்கினாலும் பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. ஆகவே இறக்குமதிக் கல் ஒன்றைப் பதிப்பவர் அது தன் பிள்ளைகளின் காலம் வரை கிடக்கும் என்ற நம்பிக்கையிலேயே பணத்தைக் கொட்டுகிறார். டைல்ஸ் ஒன்று உடைந்தால் அதை மட்டும் கழற்றி மாற்றலாம். ஸ்லப் பிழைத்தால் பேசினைக் கழற்ற வேண்டும், அடுப்பைக் கழற்ற வேண்டும், சில வேளை பென்ட்ரிக் கபட்டையே கழற்ற வேண்டும். எனவே விற்பவரும் வாங்குபவரும் தம் கையில் இருப்பது எந்தக் கல் என்று அறிந்திருப்பது அவசியம்.

பெயரை நம்பி விலை பேசலாமா?

பேருவளை சீனன்கோட்டையில் மாணிக்க வியாபாரம் செய்யும் எமது சகோதரர் ஒருவர், கல்லின் பெயரைக் கேட்டதும் பணத்தை எண்ணிக் கொடுப்பாரா? கல்லை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்ப்பார், புரட்டிப் பார்ப்பார், பிறகுதான் வாய் திறப்பார். ஆனால் பென்ட்ரிக்கு ஸ்லப் வாங்கும்போது நாம் பெயரை மட்டும் கேட்டுவிட்டுத் திருப்தி அடைகிறோம்.

இவ்வியாபாரத்தில் பெயர்கள் பெரும்பாலும் விற்பனைக்காக வைக்கப்பட்டவை. 'காஷ்மீர் வைட்' என்று விற்கப்படும் வெள்ளைக் கல் காஷ்மீரில் இருந்து வருவதில்லை. தமிழ்நாட்டின் மதுரைப் பக்கத்தில் வெட்டி எடுக்கப்படுகிறது. அதில் சிவப்புப் புள்ளிகளாகத் தெரிபவை கார்னெட் படிகங்கள். தங்க நிறத் துகள்கள் மின்னும் 'பிளாக் கெலக்ஸி' ஆந்திரப் பிரதேசத்தின் சீமகுர்த்தியில் இருந்து வருகிறது. புவியியல் அறிஞர்கள் அதனை கிரனைட் என்று ஏற்பதில்லை. கப்ரோ வகையைச் சேர்ந்த கல் என்பார்கள். கடைகளில் 'கறுப்பு கிரனைட்' எனப்படும் கற்களில் பெரும்பாலானவை இத்தகையவையே. 'கிறீன் மாபிள்' என்று ராஜஸ்தானில் இருந்து வரும் பச்சைக் கல்லும் உண்மையில் மாபிள் அல்ல. அது சேர்ப்பன்டைன் எனும் வேறொரு கல்.

இப்பெயர்கள் எல்லாவற்றையும் ஏமாற்று என்று சொல்லிவிட முடியாது. வியாபாரத்தில் கடினமான, மினுக்கம் ஏறக்கூடிய கற்களுக்குப் பொதுவாக கிரனைட் என்றும், மென்மையான சுண்ணாம்பு வகைக் கற்களுக்கு மாபிள் என்றும் சொல்வது உலக வழக்கு. கடினமான கல் ஒன்றை கிரனைட் என்ற பொதுப் பெயரில் விற்பதால் வாங்குபவருக்கு நட்டம் இல்லை. மென்மையான கல் அப்பெயரில் கைமாறும்போதுதான் பிரச்சினை ஆரம்பமாகிறது.

ஒரு ஜூஸ் கடையில் நடந்தது

எனக்குத் தெரிந்த இருவருக்கிடையில் சில வருடங்களுக்கு முன் ஒரு பிணக்கு ஏற்பட்டது. ஒருவர் ஜூஸ் கடை வைத்திருப்பவர். மற்றவர் கல் விற்பவர். இருவரும் ஒரே பள்ளிவாசல் ஜமாஅத்தைச் சேர்ந்தவர்கள். ஜூஸ் கடைக்காரர் தனது கவுண்டருக்கு 'வெள்ளை கிரனைட்' வாங்கிப் பதித்திருந்தார். ஒரு மாதம் செல்லுமுன் கல் முழுவதும் கிளாஸ் வைத்த இடமெல்லாம் வட்டம் வட்டமாக மங்கிப் போயிற்று. துடைத்தும் போகவில்லை, தேய்த்தும் போகவில்லை.

என்னையும் இன்னொருவரையும் அழைத்துப் பேசியபோது கடைக்காரர் கேட்டார்: "நானா, கிரனைட் எண்டு சொல்லித்தானே தந்தீங்க?"

மற்றவர் சொன்ன பதில்: "கொழும்புல எனக்கும் அப்பிடிச் சொல்லித்தான் தந்தாங்க. நான் என்னத்தக் கண்டேன்?"

அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு உண்மையிலேயே தெரியாது. நான் கவுண்டரின் கீழ்ப்பக்கத்தில், மினுக்காத ஓரத்தில் ஒரு துளி தேசிக்காய்ப் புளி விட்டேன். கல் நுரைத்தது. அது மாபிள். நாள் முழுவதும் தேசிக்காயும் அன்னாசியும் சிந்தும் இடத்தில் மாபிளைப் பதித்தால் அப்படித்தான் ஆகும். ஒரு தேசிக்காய் செலவழித்து விற்பதற்கு முன்னரே அறிந்திருக்கக்கூடிய ஒரு விடயத்துக்காக, இருவர் பல மாதங்கள் ஸலாம் சொல்லாமல் இருந்தார்கள். இறுதியில் விற்றவர் கல்லின் விலையில் ஒரு பங்கைத் திருப்பிக் கொடுத்ததன் மூலம் அது தீர்ந்தது.

கடையிலேயே செய்யக்கூடிய நான்கு சோதனைகள்

இதற்கு ஆய்வுகூடம் தேவையில்லை. ஒரு தேசிக்காய், ஒரு கத்தி, கொஞ்சம் தண்ணீர், கொஞ்சம் அசிட்டோன் போதும். சோதனைகளை ஸ்லப்பின் அடிப்பக்கத்தில், அல்லது வெட்டி எறியும் துண்டில் செய்து பார்க்க வேண்டும்.

முதலாவது, புளிச் சோதனை. மாபிள், சுண்ணாம்புக்கல், டிரவடைன், ஒளி ஊடுருவும் 'ஒனிக்ஸ்' ஸ்லப் ஆகியவை கல்சியம் காபனேற்றினால் ஆனவை. தேசிக்காய்ப் புளியோ வினாகிரியோ பட்டால் காபனீரொட்சைட்டு வாயு வெளியேறிச் சிறு குமிழ்கள் தோன்றும். ஆனால் டொலமைற் கலந்த மாபிள் இலகுவில் நுரைக்காது. மாத்தளை, கண்டிப் பகுதிகளில் கிடைக்கும் எமது நாட்டு மாபிளிலும் டொலமைற் உண்டு. அத்தகைய கல்லைக் கத்தியால் சுரண்டி, அந்தத் தூளின் மேல் புளியை விட்டுப் பார்த்தால் மெதுவாக நுரைக்கும்.

இரண்டாவது, கத்திச் சோதனை. கற்களின் கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவில் மாபிளின் கடினம் ஏறத்தாழ 3. கத்தியின் உருக்கு 5 அல்லது 5.5. கிரனைட்டில் உள்ள பெல்ட்ஸ்பார் 6, குவாட்ஸ் 7. எனவே கத்தி மாபிளைக் கீறும், கிரனைட்டைக் கீறாது. கிரனைட்டின் மேல் சாம்பல் நிறக் கோடு ஒன்று விழுந்தால் பதற வேண்டாம். அது கத்தியில் இருந்து உரைந்த இரும்பு. விரலை நனைத்துத் தேய்த்தால் போய்விடும். போகாமல் பள்ளமாக நிற்பதே கீறல். பச்சை சேர்ப்பன்டைன் பெரும்பாலும் புளிக்கு நுரைக்காது. ஆனால் கத்தி கீறிவிடும். அதனால்தான் ஒரு சோதனையோடு நின்றுவிடக் கூடாது என்கிறேன்.

மூன்றாவது, தண்ணீர்ச் சோதனை. கல்லின் மேல் சில துளி தண்ணீர் விட்டு 10 நிமிடம் கழித்துத் துடைத்துப் பாருங்கள். அந்த இடம் கறுத்திருந்தால் கல் நீரை உறிஞ்சுகிறது. நீரை உறிஞ்சும் கல் எண்ணெயையும் தேயிலைச் சாயத்தையும் மஞ்சளையும் உறிஞ்சும். கறுப்புக் கற்கள் பெரும்பாலும் மிகக் குறைவாகவே உறிஞ்சும். காஷ்மீர் வைட் போன்ற வெளிர் நிறக் கற்கள் கூடுதலாக உறிஞ்சும்.

நான்காவது, சாயச் சோதனை. சாம்பல் நிறக் கல்லுக்குக் கறுப்புச் சாயம் ஏற்றி விலை கூடிய கறுப்புக் கல்லாக விற்பது உலகச் சந்தையில் உள்ள ஒரு மோசடி. வெள்ளைத் துணியில் அசிட்டோன் நனைத்து அழுத்தித் தேய்த்தால் சாயம் துணியில் ஏறும். மினுக்காத அடிப்பக்கம் சாம்பலாகத் தெரிவதை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம். எந்தக் கறுப்புக் கல்லும் மினுக்காத பக்கத்தில் சற்று வெளிறியே தெரியும். தண்ணீர் பட்டால் கறுக்கும். துணியில் ஏறும் சாயமே ஆதாரம்.

ஸ்லப்பைத் தெரிவு செய்யும்போது

ஸ்லப்பின் பின்புறத்தைப் பார்க்காமல் வாங்கக் கூடாது. அங்கே நார்க் கண்ணாடி வலை ஒட்டப்பட்டிருந்தால், அக்கல் இலகுவில் உடையும் இனம் என்றோ, பாதுகாப்புக்காக ஒட்டியது என்றோ கொள்ளலாம். அதைக் குறை என்று சொல்ல முடியாது. ஆனால் அறிந்திருக்க வேண்டும். முன்புறத்தில் கோடுகள் இருந்தால் நகத்தால் தடவிப் பாருங்கள். நகம் சிக்காவிட்டால் பெரும்பாலும் அது கல்லின் இயற்கை வரி. சிக்கினால் வெடிப்பாக இருக்கலாம். பேசினுக்கும் அடுப்புக்கும் துளை வெட்டும்போது கல் உடைவது அந்த இடங்களில்தான்.

தடிப்பையும் அளந்து பாருங்கள். சந்தையில் ஏறத்தாழ 20 மில்லிமீற்றர், 30 மில்லிமீற்றர் என இரு தடிப்புகள் உண்டு. 20 மில்லிமீற்றர் கல்லின் எடை சதுர அடிக்கு ஏறத்தாழ 5 கிலோ. 40 சதுர அடி பென்ட்ரி என்றால் 200 கிலோவைக் கபட் தாங்க வேண்டும் என்பதை தச்சுப் பாஸுக்கு முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். தாங்கி இல்லாமல் வெளியே நீட்டுவதானால் 20 மில்லிமீற்றர் கல்லை 6 அங்குலத்துக்கு மேலும், 30 மில்லிமீற்றர் கல்லை 10 அங்குலத்துக்கு மேலும் நீட்டக் கூடாது. லொறியில் ஏற்றும்போது ஸ்லப்பை நிமிர்த்தியே வைக்க வேண்டும். படுக்க வைத்தால் முதல் பள்ளத்திலேயே வெடித்துவிடும்.

பச்சை சேர்ப்பன்டைனைத் தண்ணீர் கலந்த சீமெந்துப் பசையில் பதித்தால் அது வளைந்துவிடும். அதற்கு எபொக்சிப் பசையே பொருத்தமானது.

பராமரிப்பு: செய்ய வேண்டியதும் தவிர்க்க வேண்டியதும்

கல்லைப் பராமரிக்கச் செலவு அதிகம் இல்லை. மென்மையான துணி, இளஞ்சூட்டு நீர், பாத்திரம் கழுவும் திரவத்தில் சில துளிகள், பின்னர் காய்ந்த துணியால் ஒரு துடைப்பு, அவ்வளவுதான். சிந்தியதை உடனே துடைப்பது எல்லா மருந்திலும் சிறந்த மருந்து.

தவிர்க்க வேண்டியவற்றைக் கடையில் வேலை செய்யும் பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள். மாபிளின் மேல் தேசிக்காய், வினாகிரி, தக்காளி, கொறுக்காய்ப் புளி எதுவும் தங்கக் கூடாது. மலசலகூடம் கழுவும் அசிட் திரவத்தை எந்தக் கல்லிலும் ஊற்றக் கூடாது. துரு நீக்கும் திரவங்கள் சிலவற்றில் உள்ள ஹைட்ரோபுளோரிக் அமிலம் கிரனைட்டையே அரித்துவிடும். கைக்கும் மிகவும் ஆபத்தானது. அடுப்பில் இருந்து இறக்கிய தாச்சியை கிரனைட் பெரும்பாலும் தாங்கும் என்றாலும், திடீர்ச் சூட்டினால் வெடிப்பு விழ இடமுண்டு. அடியில் ஒரு தாங்கி வைப்பதே நல்லது.

'சீலர்' பற்றி ஒரு தவறான நம்பிக்கை பரவியிருக்கிறது. சீலர் என்பது கல்லின் நுண்துளைகளில் இறங்கி, எண்ணெயும் சாயமும் உள்ளே போவதைத் தாமதப்படுத்தும் திரவம். அது கறையைத் தடுக்க உதவும். மாபிளைப் புளி அரிப்பதைத் தடுக்காது. "சீலர் அடித்திருக்கிறோம், ஒன்றும் ஆகாது" என்று மாபிளை விற்பது சரியல்ல. சீலரை எப்போது மீண்டும் பூச வேண்டும் என்பதை மேலே சொன்ன தண்ணீர்ச் சோதனை காட்டும். துளி கறுத்தால் நேரம் வந்துவிட்டது. துளி உருண்டு நின்றால் பூச வேண்டியதில்லை. உறிஞ்சாத கறுப்புக் கல்லில் சீலர் பூசினால் மேலே படை படிந்து மங்கலாகத் தெரியும்.

கறையும் அரிப்பும் ஒன்றல்ல. கல்லின் நிறம் இருண்டிருந்தால் அது கறை. உள்ளே இறங்கிய பொருளை வெளியே இழுக்கலாம். மினுக்கம் போய் வெளிறியிருந்தால் அது அரிப்பு. அங்கே கல்லே கரைந்திருக்கிறது. எண்ணெய்க் கறைக்கு அப்பச் சோடாவைத் தண்ணீரில் பசையாகக் குழைத்துத் தடிப்பாகப் பூசி, பொலித்தீனால் மூடி ஒரு நாள் வைத்துவிட்டு எடுங்கள். பழைய கறையானால் இரண்டு மூன்று தடவை செய்ய வேண்டி வரும். வெளிர் நிறக் கல்லில் தேயிலை, மஞ்சள் கறைகளுக்கு பாமசியில் கிடைக்கும் ஹைட்ரஜன் பெரொக்சைட்டில் அதே பசையைக் குழைக்கலாம். கறுப்புக் கல்லில் அதைப் பாவிக்க வேண்டாம், நிறம் வெளிறலாம். அரிப்புக்கு இப்பசைகள் எதுவும் உதவாது. மாபிள் மினுக்கும் பவுடரால் தேய்க்க வேண்டும். பெரிய பரப்பானால் மெஷின் உள்ளவரை அழைக்க வேண்டும்.

இவ்வளவும் சொன்னதால் மாபிள் கூடாத கல் என்று யாரும் எண்ண வேண்டாம். பழைய தேநீர்க் கடைகளில் வட்டமான மாபிள் மேசைகளை நாம் கண்டிருக்கிறோம். மினுக்கம் போயிருக்கும், ஆனால் கல் அப்படியே இருக்கும். பேக்கரியில் மா உருட்டுவதற்கு அதன் குளிர்ச்சி மிக நல்லது. மங்கலை ஏற்றுக்கொள்ளும் மனம் உள்ளவருக்கு மாபிள் தலைமுறைக்கும் உழைக்கும். அந்த முடிவை வாங்குபவர் அறிந்து எடுக்க வேண்டும் என்பதே எனது வேண்டுகோள்.

குவாட்ஸ் ஸ்லப்பும் வெட்டுபவரின் நெஞ்சும்

இப்போது 'குவாட்ஸ்' என்ற பெயரில் வருவது தொழிற்சாலையில் செய்யப்பட்ட ஸ்லப். பொடித்த குவாட்ஸ் ஏறத்தாழ 90 வீதமும், மிகுதி பிசினும் சாயமும் சேர்ந்தது. கறை பிடிப்பது குறைவு, சீலர் தேவையில்லை. ஆனால் பிசின் சூட்டைத் தாங்காது. சூடான தாச்சியை வைத்தால் மஞ்சளாகும், வெடிக்கும். இதனை இயற்கைக் கல் என்று சொல்லி விற்பதும், "கிரனைட் போல எதையும் வைக்கலாம்" என்பதும் பிழை.

இதில் இன்னொரு விடயமும் உண்டு. இந்த ஸ்லப்பை உலர்வாக வெட்டும்போது பறக்கும் சிலிக்காத் தூசு நுரையீரலில் படிந்து சிலிக்கோசிஸ் என்ற, குணப்படுத்த முடியாத நோயை உண்டாக்குகிறது. கல் வெட்டும் இளைஞர்கள் பலர் இந்நோய்க்கு ஆளானதால் அவுஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் இத்தகைய ஸ்லப்பைத் தடை செய்தது. கிரனைட்டிலும் சிலிக்கா உண்டு, அளவு குறைவு. ஆகவே எந்தக் கல்லானாலும் தண்ணீர் ஊற்றியே வெட்ட வேண்டும். வாயில் கட்டும் துணி போதாது, தூசுக்குரிய முகக்கவசம் வேண்டும். எமது முற்றத்தில் கிரைண்டரைப் பிடித்து வெள்ளைத் தூசுக்குள் நிற்கும் பிள்ளையும் ஒரு குடும்பத்தின் பிள்ளை. அவனது சுகமும் முதலாளியிடம் உள்ள அமானிதமே.

பில்லில் மூன்று வரி

நபி (ஸல்) அவர்கள் சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டு, உள்ளே ஈரமாக இருந்ததைக் கண்டு, மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கலாகாதா என்று வியாபாரியைக் கண்டித்த சம்பவத்தை நாம் அறிவோம். ஸஹீஹ் முஸ்லிமில் அபூஹுரைரா (ரழி) அவர்கள் வாயிலாக வரும் செய்தி அது. அந்த வியாபாரி தானியத்தை மழை நனைத்ததாகவே சொன்னார். அவரே நனைத்ததாக அல்ல. அப்படியிருந்தும் குறையை வெளியே காட்டுவது அவரது கடமையாயிற்று. "கொழும்பில் அப்படிச் சொல்லித்தான் தந்தார்கள்" என்று சொல்லும் நாமும் இதைச் சிந்திக்க வேண்டும். மறைந்த குறை வெளிப்பட்டால் பொருளைத் திருப்பித் தரும் உரிமை வாங்குபவருக்கு உண்டு என்பதை ஃபிக்ஹ் நூல்களும் பேசுகின்றன. நாட்டின் சட்டமும் இவ்வாறே. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம், வாங்குபவரைத் தவறாக வழிநடத்தும் விதத்தில் வியாபாரம் செய்வதைத் தடை செய்கிறது.

எனவே கல் விற்கும் சகோதரர்களிடம் நான் கேட்பது மூன்று வரிகள் மட்டுமே. பில்லில் சந்தைப் பெயருக்குக் கீழே, இது கடினக் கல்லா, மாபிள் வகையா, தொழிற்சாலை ஸ்லப்பா என்று ஒரு வரி. எது பட்டால் பழுதாகும் என்று ஒரு வரி. எப்படித் துடைக்க வேண்டும் என்று ஒரு வரி. வாங்கும் சகோதரர்கள் அந்த வரிகளைக் கேட்டு வாங்குங்கள். வெட்டிய துண்டு ஒன்றையும் கேட்டெடுத்து வீட்டில் ஒரு தேசிக்காய்த் துளி விட்டுப் பாருங்கள். இதனால் சில நாட்களில் ஒரு விற்பனை தவறிப் போகலாம். ஆனால் உண்மை சொல்லி நடக்கும் கொடுக்கல் வாங்கலில்தான் பரகத் இருக்கிறது. அடுத்த வீடு கட்டுபவரும் அந்தக் கடையைத்தான் தேடி வருவார், இன்ஷா அல்லாஹ்.